புது டார்ச்சின் லென்ஸுக்குள் ஒரு குமிழ்: படலமா, லென்ஸா?

நடுநிசி நடை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரத்துக்கு முன் புது டார்ச் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 1,000 லூமன் (மொத்த ஒளியின் அளவு), கண்ணாடி லென்ஸ், அலுமினிய உடல் என்று போட்டிருக்கிறது. கையில் பிடித்தால் நல்ல கனம், சுவிட்சும் திடமாக இருக்கிறது. ஒளிதான் சரியில்லை.

வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தால், நடுவில் இருக்க வேண்டிய வட்டத்துக்கு ஓரமே இல்லை. பால் சிந்தியதுபோல் பரவுகிறது. இடப்பக்கம் பிறை வடிவில் ஒரு மஞ்சள் நிழல். என் பழைய 400 லூமன் டார்ச் இதைவிடத் தெளிவாக மரக்கிளையைக் காட்டுகிறது. எல்இடி கோணலாகப் பொருத்தப்பட்டிருக்குமோ என்று நினைத்தேன்.

லென்ஸின் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலத்தை முதல் நாளே உரித்துவிட்டேன். பிடித்து இழுக்க அதில் ஒரு சிவப்பு நுனி இருந்தது. ஆகவே அது காரணமாக இருக்க முடியாது.

நேற்று முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டேன். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. உடனே அணைத்துவிட்டு லென்ஸைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் மீன் கண் அளவுக்கு ஒரு குமிழ். மேலே விரலை ஓட்டினால் எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியானால் அது உள்ளேதானே இருக்கிறது? என்ன செய்யலாம்?

கண்ணாடிப்பட்டறை எழுதியது:

முதலில், அதை இனி எரியவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் உரித்தது வெளிப்பக்கப் படலம். உள்பக்கமும் ஒன்று இருக்கும். லென்ஸ் செய்யும் இடத்திலிருந்து அது வரும்போதே இரண்டு முகத்திலும் மெல்லிய படலம் ஒட்டித்தான் வரும். வெட்டும்போதும் அடுக்கும்போதும் கீறல் விழக் கூடாது என்பதற்காக. டார்ச்சைக் கோக்கும் தொழிலாளி உள்பக்கத்தை உரித்துவிட்டுப் பொருத்த வேண்டும். வெளிப்பக்கத்தை வாங்குபவருக்காக விட்டுவைப்பார்கள். உள்பக்கப் படலத்துக்குப் பெரும்பாலும் சிவப்பு நுனியெல்லாம் இருக்காது. நிறமற்றது, லென்ஸின் விளிம்பு வரை சரியாக வெட்டப்பட்டது. வேகமாகக் கோக்கும் கையில் அது தப்பிவிடும்.

திறக்காமலே உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. மேசை விளக்கின் கீழ் டார்ச்சைச் சாய்த்து, லென்ஸில் விழும் அந்த விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். லென்ஸின் இரண்டு முகத்துக்கும் இரண்டு பிம்பம் தெரியும். இரண்டும் கூர்மையாக இருந்தால் படலம் இல்லை. ஒன்று மட்டும் தண்ணீரில் ஆடுவதுபோல் நெளிந்து தெரிந்தால், அந்த முகத்தில் படலம் ஒட்டியிருக்கிறது.

நடுநிசி நடை எழுதியது:

நெளிகிறது ஐயா. ஒரு பிம்பம் கத்தி போல் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே மற்றொன்று ஆரஞ்சுத் தோல் போல் சுருங்கித் தெரிகிறது.

முன்வளையத்தை ரப்பர் கையுறை போட்டுத் திருகிக் கழற்றினேன். லென்ஸ் வெளியே வந்தது. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. விளிம்புப் பகுதிப் படலம் வெங்காயச் சருகு போல உரிந்து வந்துவிட்டது. ஆனால் நடுவில், ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு, தேன் நிறத்தில் ஒரு திட்டு லென்ஸோடு உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வீட்டில் இருக்கிறது. பஞ்சில் நனைத்துத் துடைக்கட்டுமா?

சோதனைக்குழாய் எழுதியது:

வேண்டாம்! பாட்டிலை மூடி வையுங்கள். லென்ஸ் எந்தப் பொருள் என்று உறுதியாகத் தெரியும் வரை அசிட்டோன் பக்கமே போக வேண்டாம்.

கண்ணாடியாக இருந்தால் அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்காக இருந்தால் அதையே கரைத்துவிடும். பாலிகார்பனேட் என்னும் இன்னொரு பிளாஸ்டிக் என்றால் வெளுத்து, வெடித்து, சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஆல்கஹாலைக்கூட அக்ரிலிக்கில் நம்பக் கூடாது. கிருமிநாசினி தடவிய கையோடு என் தலைவிளக்கின் முன்பக்கத்தைத் துடைத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தபோது திருகு அழுத்தும் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி முடி போன்ற விரிசல்கள் கிளம்பியிருந்தன. அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு துளி பாத்திர சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி: பிளாஸ்டிக் லென்ஸுக்கு இவ்வளவுதான்.

பெட்டியில் “கண்ணாடி” என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நகத்தால் தட்டிப் பாருங்கள்: கண்ணாடி “டிங்” என்று மணி போல் ஒலிக்கும், பிளாஸ்டிக் மந்தமாக “டொக்” என்னும். கன்னத்தில் வையுங்கள்: கண்ணாடி சில்லென்று இருக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் நிறுத்துப் பாருங்கள். கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் 1.2ஐ ஒட்டி.

படலம் ஏன் நடுவில் மட்டும் உருகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை எல்இடியிலிருந்து வரும் 1,000 லூமன் ஒளி, ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ மூன்று வாட். அவ்வளவும் அந்தச் சின்ன லென்ஸ் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். தெளிவான பொருள் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் விழுங்கும், அதனால் அது சூடாவதில்லை. ஆனால் படலத்தின் பசையில் ஒரு தூசியோ நாரோ சிக்கியிருந்தால் அந்தப் புள்ளி ஒளியை விழுங்கிச் சூடாகும், பழுப்பாகும். பழுப்பான இடம் முன்னிலும் அதிகமாக விழுங்கும், மேலும் சூடாகும். இந்தப் படலங்கள் பெரும்பாலும் பாலிஎதிலீன். அது 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும்.

நடுநிசி நடை எழுதியது:

நல்லவேளை கேட்டேன்.

லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். கன அளவு ஏறத்தாழ 2.5 கன சென்டிமீட்டர். கண்ணாடியாக இருந்தால் ஆறு கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். சின்ன மின்னணுத் தராசில் மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 3.0 கிராம்.

பிளாஸ்டிக். பெட்டியில் கண்ணாடி என்று அச்சிட்டுவிட்டு உள்ளே பிளாஸ்டிக்கை வைத்திருக்கிறார்கள். படலத்தை மறந்தது கைத்தவறு என்று விட்டுவிடலாம். இது கைத்தவறு இல்லையே. விற்றவருக்குத் தராசுப் படத்தோடு எழுதியிருக்கிறேன். பதில் எப்போது வருமோ தெரியாது. எப்படியும் லென்ஸை மாற்றத்தான் வேண்டும். எதைப் போடுவது?

தொலைவொளி எழுதியது:

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள கண்ணாடி. இரண்டு முகத்திலும் பூச்சு இருக்க வேண்டும். இந்த அளவு டார்ச்சுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

காரணம் இது. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது 4 சதவீதம் திரும்பிவிடும். மறுபக்கம் வெளியேறும்போது இன்னொரு 4 சதவீதம். ஆகப் பூச்சில்லாத கண்ணாடி 92 சதவீதத்தைத்தான் கடத்தும். அக்ரிலிக்கும் அதே அளவுதான். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, அது கூடினால் திரும்பும் ஒளியும் கூடும்) 1.58க்கு மேல், அதனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நல்ல பூச்சு போட்ட கண்ணாடி 98 சதவீதத்தைக் கடத்தும்.

இந்தப் பூச்சை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஒற்றை அடுக்கு என்றால் பெரும்பாலும் மக்னீசியம் ஃப்ளோரைடு, தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளத்தில், அந்தப் பொருளுக்குள் கணக்கிட்டால், கால் பங்கு. பூச்சின் மேல்முகத்தில் திரும்பும் அலையும் அடிமுகத்தில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கண்ணுக்கு அதிகம் தெரியும் பச்சையைக் குறிவைத்துச் செய்வதால், மிச்சமாகத் திரும்புவது நீலமும் சிவப்பும் கலந்த ஊதா. லென்ஸைச் சாய்க்கும்போது கத்தரிப்பூ நிறம் ஓடினால் பூச்சு இருக்கிறது என்று பொருள். பல அடுக்குப் பூச்சுகளில் பச்சைச் சாயலும் வரும்.

குகைநடை எழுதியது:

தொலைவொளி, கணக்கு சரி. ஆனால் அந்த ஆறு சதவீதத்தை இருட்டில் யாராவது கண்ணால் கண்டதுண்டா?

நீங்களே போட்டுப் பாருங்கள். டார்ச்சின் எட்டுந்தூரத்தை, டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரநிலைப்படி, ஒளி 0.25 லக்ஸாக (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் இடம் வரை கணக்கிடுகிறோம். தூரம் கேண்டெலாவின், அதாவது ஒளிக்கற்றையின் செறிவின், வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பூச்சில்லாக் கண்ணாடியோடு 400 மீட்டர் எட்டும் டார்ச்சில் பூச்சுக் கண்ணாடியை மாட்டினால் 413 மீட்டர். அந்தப் பதின்மூன்று மீட்டருக்காக, விழுந்தால் உடையும் பொருளை நான் தலையில் கட்டிக்கொள்ள மாட்டேன்.

நான் குகைக்குள் போகிறவன். பாறையில் டார்ச் விழாத நாள் கிடையாது. ஒரு முறை உடன் வந்தவரின் விளக்கு இடுப்பு உயரத்திலிருந்து முகம் குப்புற விழுந்தது. பூச்சு போட்ட அழகான கண்ணாடி, சிலந்தி வலை போல் உடைந்தது. உள்ளே தண்ணீர் சொட்டியது. அங்கிருந்து வெளியே வர மூன்று மணி நேரம், அவர் என் பின்னால் என் வெளிச்சத்திலேயே நடந்து வந்தார். பாலிகார்பனேட் கீறும், மங்கும், வெயிலில் கிடந்தால் மஞ்சளாகும். எல்லாம் உண்மை. ஆனால் உடையாது. கண்ணுக்கு மேலே மாட்டும் விளக்கில் கண்ணாடிச் சில்லை நான் ஏற்க மாட்டேன்.

தொலைவொளி எழுதியது:

தலைவிளக்குக்கு நீங்கள் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது கைவிளக்கு. இன்னொன்று, கீறிய பாலிகார்பனேட்டில் நட்டம் இரண்டு சதவீதத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கீறலும் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். பனியிலோ தூசியிலோ அந்தச் சிதறல் கண்முன் வெள்ளைத் திரையாக எழும். ஒரு வருடம் பையில் சாவியோடு கிடந்த பிளாஸ்டிக் லென்ஸையும் கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பேச்சே வேண்டாம்.

இருமடிக்காப்பு எழுதியது:

இதற்குத்தான் நான் வெளிப்படலத்தையே உரிப்பதில்லை. அது கீறட்டும், லென்ஸ் கீறாது. கிழிந்தால் கைபேசித் திரைக்கு ஒட்டும் காப்பு ஒன்றை வட்டமாக வெட்டி ஒட்டிவிடுவேன். இரண்டு வருடமாக லென்ஸ் புதிதாகவே இருக்கிறது.

கண்ணாடிப்பட்டறை எழுதியது:

இருமடிக்காப்பு, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அக்கறையோடுதான் சொல்கிறேன்.

அந்தப் படலம் லென்ஸ் உங்கள் கைக்கு வந்து சேரும் வரைக்குமானது. அதன் பசை வெப்பத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. சூடாகிச் சூடாகி ஆறும்போது அது இறுகிவிடும். பிறகு உரித்தால் பசை லென்ஸிலேயே தங்கும். லென்ஸில் பூச்சு இருந்தால் இன்னும் மோசம்: அந்தப் பூச்சு காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். மேலே பசையைப் பூசினால் இருந்தும் இல்லாததற்குச் சமம். படலம் ஒழுங்காக ஒட்டாமல் நடுவில் காற்று நின்றால் மேலும் இரண்டு முகங்கள் சேரும், ஒவ்வொன்றிலும் நாலு சதவீதம் திரும்பும். லென்ஸைப் புதிதாக வைத்திருக்கிறீர்கள், அதன் வழியாக ஒருநாளும் பார்க்கவே இல்லை.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். முழு வெளிச்சத்தில் எரியும் டார்ச்சை மேசைமேல் முகம் கவிழ்த்து வைத்தாலோ, கறுப்புத் துணிமேல் வைத்தாலோ, ஒளி போக வழியில்லாமல் அங்கேயே வெப்பமாகிவிடும். சுத்தமான கண்ணாடி என்றால் துணிதான் கருகும். மேலே பிளாஸ்டிக் படலம் இருந்தால் அது உருகித் துணியையும் லென்ஸையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடும். அப்படி வந்த ஒன்றை நான் பிரித்திருக்கிறேன். லென்ஸைக் காப்பாற்ற முடியவில்லை.

நடுநிசி நடை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கையில் பிடிக்கும் டார்ச், ரிஃப்ளெக்டர் (எல்இடியைச் சுற்றி ஒளியைக் குவிக்கும் பளபளப்பான கிண்ணம்) உள்ளது, நடைக்குப் பயன்படுத்துகிறீர்கள். இரு முகமும் பூச்சுள்ள பதப்படுத்திய கண்ணாடி போடுங்கள். பதப்படுத்தியது சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமை. அதன் மேற்பரப்பு நிரந்தரமாக இறுக்கத்தில் இருப்பதால் விரிசல் எளிதில் தொடங்காது. அதே காரணத்தால், பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ விளிம்பைத் தேய்க்கவோ முடியாது, மொத்தமாகத் தூளாகிவிடும். எனவே சரியான அளவில்தான் வாங்க வேண்டும். விட்டம் அரை மில்லிமீட்டர் கூடினால் உட்காராது. தடிமன் குறைந்தால் ஓ-வளையம் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அழுந்தாது, தண்ணீர் புகும். தடிமன் கூடினால் முன்வளையம் இறங்காது, அல்லது கண்ணாடி ரிஃப்ளெக்டரை அழுத்தி எல்இடியின் குவியத்தையே மாற்றிவிடும். உங்களுக்கு 40க்கு 2.

நீலக்கல் (சஃபையர்) லென்ஸைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கீறலைத் தாங்கும் தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அது 9, கண்ணாடி 5.5ஐ ஒட்டி, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஆக மணல் கண்ணாடியைக் கீறும், நீலக்கல்லைக் கீறாது. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.77. பூச்சு இல்லாவிட்டால் ஒளியில் 15 சதவீதம் திரும்பிவிடும். கைக்கடிகாரத்துக்கு அது பொருந்தும். டார்ச்சில் அந்தப் பணத்துக்கு நல்ல பேட்டரி வாங்கலாம்.

கனிமத்தேடல் எழுதியது:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், என்னைப் போல் யாரும் ஒரு வாரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் வைத்திருப்பவர்கள் லென்ஸை மாற்றும்போது பாலிகார்பனேட் போட்டுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், ஆனால் 380க்குக் கீழே உள்ள ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். அதை மாட்டிய அன்று, புறஊதாவில் ஒளிர வேண்டிய என் கால்சைட் கற்கள் இருட்டில் மங்கிய ஊதாக் கறையாகக் கிடந்தன. டார்ச் போய்விட்டது என்றே நினைத்தேன். சாதாரணக் கண்ணாடியைப் போட்டதும் பழையபடி செக்கச் சிவந்து ஒளிர்ந்தன. பல அக்ரிலிக் தகடுகளிலும் வெயில் தாங்குவதற்காகப் புறஊதாத் தடுப்பைக் கலப்பார்கள், அவையும் ஆகாது.

நடுநிசி நடை எழுதியது:

நண்பர்களே, புதுக் கண்ணாடி வந்துவிட்டது. 6.2 கிராம். நிறுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதிலும் இரண்டு பக்கமும் படலம் இருந்தது. ஒரு மூலையில் ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்ததும் இரண்டும் வந்துவிட்டன. ஓரத்தை மட்டும் பிடித்து, ஊதுபந்தால் தூசி தட்டி, ஓ-வளையத்தில் சிலிகான் கிரீஸ் தொட்டு மாட்டினேன். சாய்த்தால் கத்தரிப்பூ நிறம் ஓடுகிறது.

சுவரில் அடித்தேன். நடுவட்டத்துக்கு ஓரம் வந்துவிட்டது. மஞ்சள் பிறை இல்லை. இரவு வெளியே போய் எதிர்வரிசை மரங்களில் அடித்தேன், உச்சிக்கிளையில் ஒரு பழைய கூட்டின் குச்சிகள் தனித்தனியாகத் தெரிந்தன. கால் மணி நேரம் எரியவிட்டும் வாடை வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். படலம் உருகிய புகை ரிஃப்ளெக்டரில் லேசான மூடுபனி போல் படிந்திருந்தது. மூக்குக்கண்ணாடித் துணியால் ஒரு முறை துடைத்தேன். மூடுபனி போனது, ஆனால் சாய்த்துப் பார்த்தால் மூன்று நான்கு மெல்லிய வளைகோடுகள் தெரிகின்றன. மறுபடி துடைத்தால் போகுமா?

கண்ணாடிப்பட்டறை எழுதியது:

துடைக்காதீர்கள். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன். எவ்வளவு மென்மையான துணியும் அதைக் கீறும். அந்தக் கோடுகள் இனிப் போகாது. ஆனால் நீங்கள் சுவரில் பார்த்த வட்டத்தில் அவை தெரிந்தனவா? தெரியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

நடுநிசி நடை எழுதியது:

இப்போதுதான் மறுபடி சுவரில் அடித்து, கிட்டேயும் எட்டவும் நின்று பார்த்தேன். தெரியவில்லை ஐயா. முன்வளையத்தை இறுக்கி மூடிவிட்டேன்.